டெல்ஃபினுக்கு மட்டும் கேட்ட மூச்சு

என் கடையில் பன்னிரண்டு கம்ப்யூட்டர். அதில் பதினொன்றாம் நம்பர் சனியன் பிடித்தது. காசு கொடுத்து ஆட வருகிற எவனும் அதில் உட்கார மாட்டான். ஹெட்போனை மாட்டினால் காதுக்குள் ஒரு இரைச்சல். மவுஸை நகர்த்தினால் அந்த இரைச்சல் கீச்சென்று ஏறும், நிறுத்தினால் இறங்கும். அதனால் அது டெல்ஃபினுக்கு. கடையைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு எந்தக் கடையிலும் நல்ல மெஷின் கிடைக்காது. எங்கள் இலோய்லோ ஊர் முழுக்க இதுதான் வழக்கம், நான் ஒன்றும் புதிதாகக் கொடுமை செய்துவிடவில்லை.

டெல்ஃபின் முவேதா எதிர்த் தீவான கிமராஸிலிருந்து படகேறி வந்தவன். அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. சின்ன வயதில் புது வருஷத்துக்கு மூங்கில் பீரங்கி வெடித்து விளையாடியபோது குழாய்க்குள் எட்டிப் பார்த்திருக்கிறான் மடையன். கண் தப்பியது, இடது காது போய்விட்டது. யார் பேசினாலும் வலது பக்கத்தைச் சாய்த்துக் கேட்பான். கடை இருக்கிற லா பாஸ் சந்தையில் எல்லாரும் அவனைப் பாதிச் செவிடன் என்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். கோபமே வராத பிறவி. எனக்கு அவன் பங்குக்கும் சேர்த்து வரும்.

காலையில் கடையைப் பெருக்குவான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு வருகிறதுகளைத் துரத்துவான். கூல்டிரிங்கை பிளாஸ்டிக் பையில் ஊற்றி உறிஞ்சுகுழல் போட்டுக் கொடுப்பான். கீபோர்டில் சிந்தினால் தோலை உரித்துவிடுவேன் என்று நான் கத்த, அவன் துடைப்பான். பிற்பகலில் கூட்டம் குறைந்ததும் பதினொன்றில் போய் உட்காருவான். துப்பாக்கி எடுத்துக்கொண்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒருத்தனை ஒருத்தன் வேட்டையாடுகிற ஆட்டம், அது ஒன்றுதான் அப்போது எல்லாக் கடையிலும். வேறு மெஷினில் அவன் ஆடியதே இல்லை. அவன் ஆடக் கற்றுக்கொண்டதும் அதில்தான்.

எப்படி ஆடுவான் தெரியுமா? எனக்கு அந்த ஆட்டத்தில் ஒரு மண்ணும் புரியாது, ஆனாலும் கல்லாவை விட்டு எழுந்து போய் அவன் பின்னால் நிற்பேன். இருட்டு நடையில் போவான், சட்டென்று நிற்பான், காதைச் சாய்ப்பான், ஒன்றுமே இல்லாத பக்கம் திரும்பிச் சுடுவான். அங்கே ஒருத்தன் செத்து விழுவான். எங்கள் கடை அணிக்கு அவன்தான் தூண். அவனால்தான் என் கடைக்குப் பெயர்.

வினை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. ஒரு கடைப் பையன்கள் இன்னொரு கடைக்குப் போய் மோதுவதை இங்கே டாயோ என்போம். அன்று பிளாசா சதுக்கத்துக்கு அந்தப் பக்கத்துக் கடையிலிருந்து ஜோமாரி சுமகாய்சாய் தன் அணியோடு என் கடைக்கு டாயோ வந்தான். ஜோமாரியின் அப்பா கப்பலில் இஞ்சினியர். சிங்கப்பூரில் கப்பல் நின்றபோது வாங்கி வந்தாராம், அவர்கள் கடையில் ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி சவுண்டு கார்டு. மதர்போர்டிலேயே ஒட்டிக்கொண்டு வருகிற சத்தத்தில் ஆடுகிறவன் எல்லாம் ஆட்டக்காரனே இல்லை என்பது ஜோமாரியின் கட்சி. தன் கடையில் பூனை நடந்தால்கூட எந்தத் திசை என்று சொல்லலாம் என்று பீற்றிக்கொள்வான். வந்த விருந்தாளிக்கு நல்ல மெஷின் கொடுப்பது மரியாதை, கொடுத்தோம். டெல்ஃபின் வழக்கம்போல பதினொன்றுக்குப் போனான்.

கடைசி ஆட்டத்தில் இரண்டு பக்கமும் எல்லாரும் செத்து, ஜோமாரியும் டெல்ஃபினும் மட்டும் மிச்சம். செத்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து இரண்டு பேருக்கும் பின்னால் கூடிவிட்டார்கள். ஜோமாரி ஒரு மரத்தட்டிக்குப் பின்னால் போய் அசையாமல் நின்றான். மவுஸிலிருந்து கையையே எடுத்துவிட்டான். அடி எடுத்து வைத்தால்தானே சத்தம் கேட்கும். டெல்ஃபின் அந்தத் தட்டிக்கு முன்னால் வந்தான், தாண்டினான், நின்றான். காதைச் சாய்த்தான். திரும்பி மரத்தோடு சேர்த்துச் சுட்டான்.

என் கடைப் பையன்கள் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தினார்கள். ஜோமாரி கத்தவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாக வந்து பதினொன்றின் பக்கத்தில் நின்றான்.

"நான் அசையவே இல்ல. அங்க நிக்கிறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

டெல்ஃபின் வலது காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு, பால் குடிக்கிற பிள்ளை மாதிரி பதில் சொன்னான்.

"மூச்சு கேட்டுச்சு."

கடையே சிரித்தது. என் பையன்களும் சேர்ந்துதான். அப்புறம் சிரிப்பு அடங்கியது. அடங்கிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஆட்டத்தில் மூச்சுச் சத்தமே கிடையாதாம். காலடி உண்டு, துப்பாக்கி உண்டு, மூச்சு என்று ஒன்றை யாரும் வைக்கவே இல்லையாம். ரெண்டு காதும் முழுசா இருக்கிற எங்களுக்குக் கேட்காத மூச்சு பாதிச் செவிடனுக்குக் கேட்குதா என்று ஒருத்தன் கேட்டான். டெல்ஃபின் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் திருட்டுத்தனம் ஒரு துளி இல்லை, குழப்பம்தான் இருந்தது. உங்களுக்குக் கேட்காதா என்று அவர்களைத் திருப்பிக் கேட்டான். அது இன்னும் கெடுத்தது.

சுவருக்குப் பின்னால் இருக்கிற ஆளைக் காட்டிக்கொடுக்கிற திருட்டு புரோகிராம்கள் உண்டு. அதைப் போட்டு ஆடிப் பிடிபட்டால் சந்தை வட்டாரத்தில் இருக்கிற அஞ்சு கடையிலும் அவன் படத்தைக் கதவில் ஒட்டிவிடுவோம். அப்புறம் எந்தக் கடையும் அவனை உள்ளே விடாது. அது கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வைத்த கட்டு, நானும் கையைத் தூக்கி ஆமோதித்தவள்தான். ஒரு தடவை ஒட்டின படத்தைக் கிழித்ததாக எனக்கு நினைவில்லை. இங்கே படம் ஒட்டினால் டெல்ஃபினுக்கு ஆட்டம் மட்டுமா போகும்? திருடனைக் கல்லாவில் உட்கார வைத்திருக்கிற கடைக்கு எவன் வருவான்? வேலை போகும். கடைக்கு மேல் பரணில் அவன் படுக்கிற இடமும் போகும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஜெபம் முடிந்ததும், தன் கடையில், தன் மெஷினில் டெல்ஃபின் ஆடிக்காட்டட்டும் என்றான் ஜோமாரி. அஞ்சு கடைக்காரர்களும் பார்க்கட்டும். இதே மாதிரி ஆடினால் தானே மன்னிப்புக் கேட்பான். ஆடவில்லையென்றால் படம்.

டெல்ஃபின் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். என் நாக்கு எப்போதும் எனக்கு முன்னால் ஓடும். "ஞாயித்துக்கிழமை எதுக்கு, நாளைக்கே வர்றோம்" என்று சொல்ல வந்தவளை என் கடைப் பையன் ஒருத்தன் முழங்கையைப் பிடித்து இழுத்தான். ஞாயிறு என்று முடிவானது.

மறுநாளே எலிசியோவைக் கூப்பிட்டேன். எங்கள் கடை மெஷின்களைப் பழுது பார்க்கிறவன். பதினொன்றைச் சுத்தமாகத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றச் சொன்னேன். டெல்ஃபின் மேல் சந்தேகமா என்று கேட்டான். எனக்கு இல்லை, ஊர் வாயை மூட வேண்டாமா என்றேன். பாதி பொய்தான். என் வீட்டுக்காரர் முந்தின நாளே, அவனை அனுப்பிவிடு, நமக்கெதற்கு வம்பு என்று ஓதியிருந்தார். அது எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்திருந்தது. எலிசியோ துடைத்தான். அப்புறம் டெல்ஃபின் உட்கார்ந்து ஆடினான். முன்னைவிட நன்றாக ஆடினான். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அத்தோடு விட்டேனா? ஜோமாரி கடையில் எல்லாம் சவுண்டு கார்டு, நம்ம பிள்ளை அதில் பழகினதில்லை, இரைச்சலிலேயே இப்படி ஆடுகிறவன் நல்ல சத்தம் கேட்டால் எப்படி ஆடுவான் என்று கணக்குப் போட்டேன். ஊரில் இருப்பதிலேயே நல்ல கார்டாக ஒன்று வாங்கி வந்தேன். எலிசியோ அதைப் பதினொன்றில் பொருத்தினான். டெல்ஃபினுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்கென்று யாரும் எதையும் புதிதாக வாங்கினதில்லையாம். ஹெட்போனைத் தன் சட்டையில் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டான்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டான். நடையில் போனான், செத்தான். மாடியேறினான், செத்தான். முதலில் பழகவில்லை என்று நினைத்தேன். அடுத்த நாளும் அதே கதை. எங்கள் கடையில் இருப்பதிலேயே மோசமாக ஆடுகிறவன் சந்தையில் கறி வெட்டுகிற பெனிதோ. அவன் தடிமனுக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். அவன்கூட டெல்ஃபினை முதுகில் சுட்டுவிட்டுப் போனான்.

எனக்குள் உட்கார்ந்திருந்தது எழுந்துகொண்டது. துடைத்த மெஷினில் ஆட முடிந்தவனால் கார்டு போட்டதும் ஏன் முடியவில்லை? எலிசியோ கண்ணுக்குத் தப்பின திருட்டு எதுவோ இருந்திருக்கிறது, கார்டு போட்டதில் அது கலைந்துவிட்டது, வேறென்ன? கடையில் இருந்த ரெண்டு பேரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"டெல்ஃபின், நெஜத்தைச் சொல்லுடா. உப்பைத் தின்னியா, தின்னலையா? தின்னிருந்தா இப்பவே சொல்லிடு, ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் என் மூஞ்சியில காறித் துப்ப வைக்காத."

அவன் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"மனாங், இதுல மூச்சு இல்ல."

மனாங் என்றால் அக்கா. நான் அவனை அடிக்கப் போய்விட்டேன், சத்தியமாக. கையை ஓங்கினவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கையாலேயே ஹெட்போனைப் பிடுங்கினேன். எந்த மூச்சு, எனக்குக் காட்டு என்றேன். அவன் மெஷினுக்குப் பின்னால் கையை விட்டுக் கார்டிலிருந்து ஹெட்போனை உருவி, பழைய ஓட்டையில், மதர்போர்டு ஓட்டையில், சொருகினான். என்னை உட்காரவைத்து மாட்டிவிட்டான். பக்கத்து மெஷினில் தன் ஆளை ஒரு சுவருக்குப் பின்னால் நிறுத்திவிட்டு வந்தான். அப்புறம் என் ஆளை அந்தச் சுவரை நோக்கி மெதுவாக நடத்தினான்.

இரைச்சல், அதே நாராச இரைச்சல். சுவர் கிட்டே வந்ததும் அது மெலிந்து, லேசாக இழுத்துக்கொண்டது. ஹ்ஹ், ஹ்ஹ் என்று. தள்ளிப் போனால் தடித்தது. கிட்டே வந்தால் மறுபடி இழுத்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் நின்று மூச்சு விடுகிற மாதிரியேதான் இருந்தது.

எலிசியோ வந்து கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். அவன் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஆள் கிட்டே வந்துவிட்டால், சுவர் மறைத்தாலும் ஆட்டம் அவனை முன்கூட்டியே வரைந்து வைத்துவிடுமாம். படம் வரைகிற சிப்புக்கு வேலை கூடும். பக்கத்து வீட்டில் வெல்டிங் வைத்தால் நம் டிவியில் கோடு விழுகிறதே, அந்த மாதிரி அந்த வேலை மதர்போர்டின் சத்தத்தில் கசியும். நல்ல போர்டு என்றால் தெரியவே தெரியாது, இது மட்டமான போர்டு. தனிக் கார்டு என்றால் தள்ளி இருக்கும், கசியாது. சுத்தமாகக் கேட்கும்.

டெல்ஃபின் இதையெல்லாம் காதைச் சாய்த்துக் கேட்டான். ஆட்டத்திலேயே மூச்சு வைத்திருக்கிறார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருக்கிறான். வேறு மெஷினில் ஆடியிருந்தால்தானே தெரிந்திருக்கும். ரெண்டு காது உள்ளவன் காலடி எந்தப் பக்கம் என்று கேட்டு ஆடுவான். இவனுக்குத்தான் பக்கமே கிடையாதே. இருந்த ஒரு காதால் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

"அப்ப நான் திருடினேனா மனாங்?" என்று கேட்டான்.

இல்லைடா என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருக்க முடியாது. போகவில்லையென்றால் ஒப்புக்கொண்ட மாதிரி. ஜோமாரி கடையில் ஏசி குளிரில் அஞ்சு கடைக்காரர்களும் கோயிலுக்குப் போட்ட சட்டையோடு நின்றார்கள். மேஜை மேல் படம் தயாராக இருந்தது, பக்கத்தில் ஒட்டுகிற டேப். எங்கள் திருவிழாவில் எடுத்த படம் அது, டெல்ஃபின் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். அதைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

ஆட்டத்துக்கு முன்னால் டெல்ஃபின் எல்லாவற்றையும் சொன்னான். இரைச்சல், மதர்போர்டு, மூச்சு எல்லாம். என் கடைக்கு வந்து பதினொன்றில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள் என்றான். செவிடன் காதில் ஊதின சங்குதான். அங்கே செவிடர்கள் மற்றவர்கள்தான், அவன் இல்லை. ஒரு கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இவ்வளவு நல்ல கார்டைக் குறை சொல்லுகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் இன்னொருத்தர். ஜோமாரி சிரிக்கவில்லை, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னான்.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். உட்காருப்பா."

உட்கார்ந்தான். நான் பின்னால் நின்று ஜெபமாலையை உருட்டினேன். ஒவ்வொரு சுவரிடமும் அவன் நின்றான். நின்று வலது காதைச் சாய்த்தான். அந்த விலை உயர்ந்த சத்தத்தில் அவனுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. நிற்கிறவனைச் சுடுவது எவ்வளவு சுலபம். இடது பக்கமாக வந்து வந்து சுட்டார்கள். அவன் திரும்புவதற்குள் முடிந்துவிடும். மறுபடி எழுவான், மறுபடி ஒரு சுவரிடம் போய் நிற்பான். ஓடிப்போய் மறைஞ்சுக்கடா, நிக்காதடா என்று என் மனசு கூவியது. கடைசியில் ஒருத்தர் போதும் என்று அவன் தோளில் கை வைத்தார்.

படத்தை ஒட்டினார்கள். கண்ணாடிக் கதவில், தெருவைப் பார்த்து. நான் அங்கே பேசியதை எல்லாம் இங்கே சொல்ல முடியாது, கோயிலுக்குப் போய்விட்டு வந்த வாய். டெல்ஃபின்தான் என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தான்.

கடைக்கு வந்ததும் பரணில் ஏறித் துணியைப் பையில் போட்டான். சாயங்காலப் படகில் கிமராஸ் போகிறேன் என்றான். நான் பையைப் பிடுங்கிக் கல்லாவுக்குப் பின்னால் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"போடா, போ. துணியில்லாமப் போ. இன்னைக்கு நீ படகு ஏறுனா ஒட்டுன படம் உன் முதுகோடவே வரும். உங்க ஊர்ல கேட்டா என்ன சொல்லுவ?"

அவன் என் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டான். என் கடைக் கதவிலும் அவன் படத்தை ஒட்டியாக வேண்டும், அதுதான் கட்டு. கொடுத்தனுப்பியிருந்தார்கள். நான் அதைக் குப்புறக் கவிழ்த்துக் கல்லாவுக்குள் போட்டுப் பூட்டினேன்.

திங்கட்கிழமை ஒரு ஈ காக்கை வரவில்லை. பன்னிரண்டு மெஷினும் சும்மா கிடந்தன. பிற்பகலில் கதவு திறந்தது. ஜோமாரி. தான் படிக்கிற கப்பல் கல்லூரியிலிருந்து நேராக வந்திருக்கிறான், வெள்ளைச் சீருடையில், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. தனியாக.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் கையைத் தூக்கினான். "மனாங், திட்டுறதை அப்புறம் திட்டுங்க. நேத்து அவன் ஒவ்வொரு சுவர்கிட்டயும் நின்னு காதைச் சாய்ச்சான். திருட்டு புரோகிராம் இருந்தா அவன் எதுக்குக் காதால தேடணும்? அது மண்டையைக் குடைஞ்சுகிட்டே இருக்கு. பதினொண்ணு எது?"

காட்டினேன். டெல்ஃபின் எழுந்து நின்றான். ஜோமாரியே விதி போட்டான். டெல்ஃபின் மூன்றாம் நம்பரில் உட்கார்ந்து, எங்காவது ஒரு சுவருக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். அசையக் கூடாது. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும், நான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜோமாரி பதினொன்றில் உட்கார்ந்து தேடுவான். வாயால் ஒரு வார்த்தை யாரும் பேசக் கூடாது.

டெல்ஃபின் போய் நின்றான். ரெண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டான். ஜோமாரி தேடத் தொடங்கினான். நான் நடுவில் நின்றேன். இந்தப் பக்கம் பார்த்தால் டெல்ஃபினின் சுவர், அந்தப் பக்கம் பார்த்தால் ஜோமாரி ஒவ்வொரு அறையாக வருகிறான். அந்தச் சுவருக்கு வந்தான். நேர் எதிரில் நின்றான். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அவன் கொஞ்சம் கேட்டான். தாண்டிப் போனான். திரும்பி வந்தான், மறுபடி தாண்டிப் போனான்.

ஹெட்போனைக் கழற்றினான்.

"ஒண்ணும் கேட்கல மனாங். சுத்தமா இருக்கு." தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். அவன் முகத்தில் வெற்றி இல்லை. ஏதோ நம்பி வந்து ஏமாந்த முகம். எலிசியோவும் நானும் கேட்டோமே, அது பொய்யா? நாங்களே கேட்க ஆசைப்பட்டுக் கேட்டோமா?

டெல்ஃபின் மூன்றாம் நம்பரிலிருந்து எழவில்லை. சுத்தமா என்று மெதுவாகக் கேட்டான். ஆமாம், சுத்தமா என்றான் ஜோமாரி. டெல்ஃபின் என்னைப் பார்த்துச் சொன்னான்.

"மனாங், அவரு எதுல சொருகியிருக்காருன்னு பாருங்க."

குனிந்து பார்த்தேன். நான் வாங்கிப் போட்ட கார்டு இன்னும் அதில்தான் இருந்தது. ஜோமாரி உட்கார்ந்ததும் கையைப் பின்னால் விட்டு, பார்க்காமலே ஹெட்போனைக் கழற்றிக் கார்டில் சொருகியிருக்கிறான். சின்ன வயதிலிருந்து அப்படியே பழகின கை. கார்டு இருக்கும்போது மதர்போர்டு ஓட்டையில் எந்த ஆட்டக்காரன் சொருகுவான்? நான் அவனை ஒரு பார்வை பார்த்தேன். அவன் காது சிவந்துவிட்டது. தானே உருவி மாற்றிச் சொருகினான். மாட்டியதுமே முகத்தைச் சுளித்தான்.

"சீ, இதுலயா ஆடுவான்?"

"உட்காரு தம்பி" என்றேன்.

டெல்ஃபின் இடம் மாறி வேறொரு சுவருக்குப் பின்னால் போய் நின்றான். கையை மடியில் வைத்தான். ஜோமாரி வந்தான். ஒரு நடையைக் கடந்தான், படி இறங்கினான். அந்தச் சுவருக்குக் கிட்டே வந்ததும் நின்றான். பின்னால் போனான். முன்னால் வந்தான். மறுபடி பின்னால். அவன் தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது, டெல்ஃபின் சாய்ப்பானே, அதே மாதிரி. சுவரோடு சேர்த்துச் சுட்டான்.

மூன்றாம் நம்பரில் டெல்ஃபின் செத்து விழுந்தான். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

இன்னொரு தரம் என்றான் ஜோமாரி. இடம் மாற்றினார்கள். கண்டுபிடித்தான். இன்னொரு தரம். அதிலும் கண்டுபிடித்தான். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு டெல்ஃபினிடம் வந்து நின்றான்.

"நீ திருடன் இல்ல. மூச்சு கேட்குது, நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்." அப்புறம் வெள்ளைத் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆனா அது உன் காது இல்ல. மெஷினு. எவன் உட்கார்ந்தாலும் கேட்கும்."

நான் பாய்ந்தேன். மன்னிப்புக் கேட்க வந்த வாயில் மறுபடியும் விஷமா என்று பிடித்துக்கொண்டேன். டெல்ஃபின் என்னைத் தடுத்தான். அவரு சொல்றது சரிதான் என்றான்.

ஜோமாரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்றே மற்ற நாலு கடைக்கும் தன் காலால் போய், தன் கையால் படத்தைக் கிழித்தான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். என் கல்லாவில் இருந்த படத்தை நான் அவனிடம் கொடுக்கவில்லை. அதில் டெல்ஃபின் நன்றாகச் சிரிக்கிறான்.

செவ்வாய்க்கிழமை என் கடை வாசலில் வரிசை. எல்லாருக்கும் பதினொன்று வேண்டும். எவனும் சீந்தாத மெஷினுக்கு ஒருத்தன் சட்டையை ஒருத்தன் பிடித்தான். மூச்சைக் கேட்டவன் கேட்காதவனிடம் பெருமை பேசினான். அஞ்சு கடைக்காரர்களும் கூடி, போட்டிகளில் பதினொன்றாம் நம்பர் கூடாது என்று புதுக் கட்டு வைத்தார்கள். நியாயம்தான், நான் என்ன சொல்ல? டெல்ஃபின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எல்லாரும் அவன் முதுகில் தட்டினார்கள். அடுத்த டாயோவுக்கு எங்கள் அணி கிளம்பியபோது அவனை யாரும் கூப்பிடவில்லை. சுத்தமான சத்தத்தில் ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு அவன் பெனிதோவைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான். பையன்கள் போனதும் அவன் கூல்டிரிங் பைகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டான்.

"படத்தை எடுத்தாங்க மனாங். கூடவே என்னையும் எடுத்துட்டாங்க" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

எனக்குத் தாங்கவில்லை. பதினொன்றின் மேல் பழுது என்று எழுதி ஒட்டினேன். கேட்டவர்களுக்கெல்லாம் புகைந்துவிட்டது, எலிசியோ வந்தால்தான் ஆகும் என்று புளுகினேன். கார்டையும் கழற்றச் சொல்லிவிட்டேன். யாரும் இல்லாத ஒரு மத்தியானம், போய் உட்காருடா, உன் மெஷின் என்றேன். உட்கார்ந்தான். மாட்டினான். காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுக் கழற்றிவிட்டான்.

"என்னடா?"

"முன்ன மூச்சு கேட்கும் மனாங். இப்ப கரண்டு சத்தம்தான் கேட்குது."

அதற்கப்புறம் அவன் பதினொன்று பக்கமே போகவில்லை. கூட்டம் இல்லாத நேரத்தில் மூன்றாம் நம்பரில் உட்காருவான். ஒரு நாள் பெனிதோ வந்து எட்டாம் நம்பரில் உட்கார்ந்தான். சந்தையிலிருந்து ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை, கடைக்குள் அவன் இரைப்பு எனக்குக் கல்லா வரைக்கும் கேட்கிறது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் டெல்ஃபின் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். திரையில் அவன் ஆள் பெனிதோ சுட்டுக் குப்புறக் கிடந்தான்.

என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான், "மூச்சே விடாம வந்துட்டான் மனாங்."